ஒரு நாள்கூட லீவு போடாதவர்

உச்சாணி வாயைத் திறந்தால் துறைமுகம் வந்துவிடும். மழை வரும்போல இருக்கிறதே என்று யாராவது சொன்னால் போதும், "இதெல்லாம் ஒரு மழையா" என்று ஆரம்பித்து, புயலுக்கு நடுவே கப்பலிலிருந்து ரயில் இன்ஜினைத் தன்னந்தனியாக இறக்கிய கதைக்குப் போய்விடுவார். உச்சாணி என்ற பெயரும் அங்கே கிடைத்ததுதான். நூற்றிருபது படி ஏறி, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கிரேன் ஓட்டியவரைக் கீழே நின்றவர்கள் அப்படிக் கூப்பிட்டார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினாறு வருஷமாகியும் தெருவில் அந்தப் பெயர்தான் நிலைத்திருக்கிறது. மனிதர் இன்னும் தரைக்கு இறங்கவில்லை என்று அவருடைய மனைவி சொல்லிக்கொள்வாள், மனதுக்குள்தான்.

அவளைத் தெருவில் தையல்காரம்மா என்பார்கள். சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிற வரிசையில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவள். காலர் தைப்பதில் கதை எதுவும் கிடையாது. கோணினால் பிரிக்க வேண்டும், நேராக வந்தால் அடுத்த காலரை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் வீட்டில் கதை சொல்லும் உரிமை முழுக்க அவருக்கே போயிற்று.

வயதானவர்கள் தங்கள் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் கூட்டிச் சொல்வது ஊர் உலகத்தில் நடப்பதுதான். இரண்டை நான்காக்குவார்கள், நான்கைப் பத்தாக்குவார்கள், கேட்கிறவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். உச்சாணி அந்த ரகம் இல்லை. அவர் கதைக்குக் கால் முளைத்து, கை முளைத்து, மீசையே முளைத்திருந்தது. அதில் இரண்டு வாக்கியங்களை மட்டும் அவர் என்றைக்கும் மாற்றியதில்லை. ஒன்று, முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு நாள்கூட உடம்பு சரியில்லை என்று லீவு போட்டதில்லை. இன்னொன்று, தன் கையில் ஓர் உயிர் போனதில்லை. பேரப்பிள்ளைகள்கூட அவர் முதல் பாதியைச் சொன்னால் மறு பாதியை ஒப்பிப்பார்கள்.

இரண்டுமே பொய். அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள், அடுப்படியில் நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பாள்.

இப்போது இதைச் சொல்ல வேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு பல்பு. கூடத்து விளக்கு எரியவில்லை, மகன் வந்து மாட்டட்டும் என்று அவள் சொன்னாள். மகன் லிஃப்ட் மெக்கானிக். அவனுக்கு இது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. "நூத்திருபது படி ஏறினவனுக்கு இது ஒரு உயரமா?" என்று முக்காலியைப் போட்டு ஏறினார் எழுபத்துநாலு வயது மனிதர். பல்பை மாட்டியும்விட்டார். இறங்கும்போதுதான் கால் தவறியது. இடுப்பு எலும்பு முறிந்த சத்தம் அடுப்படி வரை கேட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றி மகளும் மகனும் நின்றார்கள். மகள் தபால் ஆபீஸ் கவுன்டரில் வேலை பார்க்கிறவள், சீருடைக் கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருந்தாள். வலிக்கு மருந்து ஏற்றியிருந்ததால் உச்சாணி தெம்பாக இருந்தார். இளம் டாக்டர் பெண் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். நல்ல பிள்ளை. ஒவ்வொரு கேள்வியையும் நிதானமாகக் கேட்டாள்.

"ஐயா, இதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில சேர்ந்து இருந்திருக்கீங்களா?"

"நானா? முப்பத்துநாலு வருஷ சர்வீஸ்மா. ஒரு நாள்கூட..."

"லீவு போட்டதில்ல," என்று மகளும் மகனும் ஒன்றாகச் சேர்ந்து முடித்தார்கள். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏதாவது மருந்து, ஊசி ஒத்துக்காம போயிருக்கா? தூக்கத்துக்கு, மனசுக்குன்னு ஏதாவது மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா?"

"ஊசி எந்தப் பக்கம் குத்தும்னே எனக்குத் தெரியாதும்மா. மனசெல்லாம் இரும்பு."

டாக்டர் தையல்காரம்மா பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா. ஐயா மறந்திருக்கலாம்."

அந்தக் கணம் உண்மை அவள் தொண்டை வரை வந்தது. வந்ததைச் சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும், எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். அவர் அவளைப் பார்த்தார். மிரட்டிப் பார்த்திருந்தால்கூட அவள் சொல்லியிருப்பாள். அவர் மிரட்டவில்லை. இவள் என்ன சொல்லப்போகிறாள் என்பதில் அவருக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. சின்னப் பிள்ளை அம்மாவைப் பார்ப்பதுபோல நிம்மதியாகப் பார்த்தார். மகளும் மகனும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லம்மா," என்றாள். "அப்படி எதுவும் இல்ல."

டாக்டர் எழுதிக்கொண்டாள்.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மதியம், கிரேனில் தொங்கிய இரும்புச் சட்டக் கட்டு ஒன்று சரிந்து விழுந்தது. கீழே கொக்கி மாட்டிவிட்டு நகர்ந்துகொண்டிருந்தவன் அந்த இடத்திலேயே செத்தான். உச்சாணியின் சேக்காளி. மதியச் சோற்றை இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். வடம் பழசு, ஓட்டியவர்மேல் தவறில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். யார் என்ன எழுதினால் என்ன, அவர் கூண்டை விட்டு இறங்கவில்லை. மறுநாள் காலையில் நாலு பேர் ஏறிப் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு பேச்சு நின்றது, சாப்பாடு நின்றது. "கீழ ஆள் இருக்கான்" என்று மட்டும் அவ்வப்போது சொல்வார். மூன்றாம் வாரம் அவரை மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினோரு மாதம் அங்கே இருந்தார்.

மகளுக்கு அப்போது ஐந்து வயது, மகனுக்கு இரண்டு. அப்பா எங்கே என்று மகள் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரியும் கேட்டாள், அவள் கேட்ட விதம் வேறு. "வேற துறைமுகத்துக்குப் போயிருக்கார். அங்க புதுசா கிரேன் வாங்கியிருக்காங்களாம், ஓட்டச் சொல்லிக்கொடுக்க இவரைத்தான் அனுப்பியிருக்காங்க," என்று தையல்காரம்மா சொன்னாள். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்தது. ஆக, அந்தக் கதைக்கு முதல் வரி போட்டவள் அவள்தான். இதை அவள் தன்னிடம் ஒருபோதும் மறைத்துக்கொண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறி அவரைப் பார்க்கப் போனாள். மற்ற ஆறு நாளும் கம்பெனியில் பகல் வரிசை முடித்து, மாலை வரிசையிலும் உட்கார்ந்தாள். மகள் அழுதபோது, கம்பெனியில் கழித்துப் போட்ட கம்பளித் துணியில் ஒரு சின்னச் சட்டை தைத்து, அப்பா அனுப்பியது என்று கொடுத்தாள்.

மூன்றாவது மாதம் அவருக்கு ஓர் ஊசி போட்டார்கள். கத்துகிறார், அடங்க மாட்டேன் என்கிறார் என்று போட்டது. இரண்டாம் நாள் உடம்பு மரக்கட்டையாக விறைத்துவிட்டது. அனலாகக் காய்ச்சல். தாடை பூட்டிக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லை. ஒன்பது நாள் இழுத்துப் பறித்துக்கொண்டு கிடந்து பிழைத்தார். அங்கே இருந்த வழுக்கைத்தலை டாக்டர் ஒரு தாளில் சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தார். "இந்த மருந்து இவருக்கு இந்த ஜென்மத்துல கூடாது. எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல இதைக் காட்டணும். மறந்துடாதீங்க."

அவள் மறக்கவில்லை. பத்தொன்பது வருஷம் அந்தத் தாளை ஊசிநூல் டப்பாவின் அடியில் வைத்திருந்தாள். மகளை மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிற வாரம், வீடு முழுக்க ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தபோது அது கையில் வந்தது. யார் கண்ணிலாவது பட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாள். அடுப்பில் போட்டாள். மருந்தின் பெயர் நாக்கில் நுழையாத இங்கிலீஷ் பெயர். தாளோடு அதுவும் போயிற்று.

உச்சாணி திரும்பி வந்து இரண்டு மாதம் யாரிடமும் பேசவில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வழிமறித்து, "அங்க எல்லாம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். அவர் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, "குளிர்," என்றார். தையல்காரம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனிதர் பிழைத்துக்கொள்வார் என்று அன்றைக்குத்தான் நம்பினாள்.

அந்த ஒற்றைக் குளிரிலிருந்து எல்லாம் விளைந்தது. முதலில் பனி பெய்தது. பிறகு நாற்பது பேர் அவரிடம் வேலை பழகினார்கள். பிறகு அவர் கிளம்பும்போது மேனேஜர் கண் கலங்கினார். கடைசியில், அந்தத் துறைமுக ஆபீஸில் இன்றைக்கும் அவர் போட்டோ மாட்டியிருக்கிறது என்ற இடத்தில் வந்து நின்றது. செத்துப்போன சேக்காளி கதையில் பிழைத்துக்கொண்டான். வடம் அறுந்தபோது உச்சாணி நொடியில் கிரேனைத் திருப்பி அவனைக் காப்பாற்றினாராம். அவனே வந்து காலில் விழுந்தானாம். இதை முதன்முதலாகக் கேட்ட அன்று அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் அழவில்லை, காது பழகிவிட்டது.

பழகாதது ஒன்று இருந்தது. கதையில் அவள் எங்கேயும் இல்லை. பதினோரு மாதம் இரண்டு வரிசை வேலை பார்த்து, இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றி, நாற்பத்தாறு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் இடிபட்டவள் கதைக்குள் நுழைய ஒரு சந்துகூட அவர் விடவில்லை. ஒருமுறை, பத்து வருஷம் இருக்கும், பொறுக்க முடியாமல், "போதும் நிறுத்துங்க. எனக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டாள். அவர் நிஜமாகவே விழித்தார். "உனக்கென்ன தெரியும்? நீயா அங்க வந்தே?" என்றார்.

அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது, அவர் பொய் சொல்லவில்லை. அவர் அங்கே போய்விட்டு வந்துவிட்டார். அவள் ஒருத்திதான் இங்கேயே நின்றுகொண்டிருக்கிறாள்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. எலும்பை ஒட்டவைத்துக் கம்பி போட்டிருந்தார்கள். மறுநாள் மத்தியானத்துக்குள் அவர் நர்ஸ்களுக்கு ரயில் இன்ஜின் கதையை இரண்டு தடவை சொல்லிவிட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் பார்வை மாறியது. கூரையைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி இழுத்தார், கிரேன் லீவரை இழுப்பதுபோல. வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இப்படிக் கொஞ்சம் குழம்பும், சரியாகிவிடும் என்று நர்ஸ் சொன்னாள். சொல்லி வாய் மூடவில்லை, அவர் கையில் ஏறிக்கொண்டிருந்த ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கட்டில் கம்பியைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

"கீழ ஆள் இருக்கான்! தூக்காதீங்க! கீழ ஆள் இருக்கான்டா!"

முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல். இத்தனை காலத்தில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான், அதையும் பிதற்றல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இரண்டு வார்டு பையன்கள் ஓடிவந்து அவரைப் பிடித்தார்கள். "கதவைச் சாத்தாதீங்க, நான் கத்த மாட்டேன்," என்று அவர் கெஞ்சினார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நர்ஸ் டியூட்டி டாக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்தாள்.

"அமைதியாகறதுக்கு ஒரு ஊசி போடச் சொல்லியிருக்காங்க. இல்லன்னா இடுப்புல போட்ட கம்பி நகர்ந்துடும். ஷீட்டைப் பாத்துட்டேன், ஒத்துக்காததுன்னு எதுவும் இல்லையே?"

"இல்ல சிஸ்டர், போடுங்க," என்றாள் மகள்.

நர்ஸ் மருந்தெடுக்கப் போனாள். தையல்காரம்மா மகளின் கோட்டுக் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அந்த ஊசி வேணாம்னு சொல்லு."

"ஏம்மா?"

"உங்கப்பாவுக்கு ஒத்துக்காது. முன்னாடி ஒரு தடவை போட்டு உயிர் போய் உயிர் வந்துச்சு."

"முன்னாடியா? எப்போ? அப்பாதான் ஊசியே போட்டதில்லையே."

"போட்டிருக்கு. உனக்கு அஞ்சு வயசு. அப்பா வேற துறைமுகத்துக்கெல்லாம் போகல. மனநோய் ஆஸ்பத்திரியில இருந்தார். பதினோரு மாசம். நான்தான் உங்ககிட்ட அப்படிச் சொன்னேன்."

"என்னம்மா சொல்றே? அப்பா எனக்குக் கம்பளிச் சட்டை வாங்கி அனுப்பினாரே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"நான் தைச்சது."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் மகள் யோசித்திருப்பாள். இது அவள் நெஞ்சுக்குள் பொத்தி வைத்திருந்ததில் போய்க் கைவைத்துவிட்டது. அவள் முகம் சுருங்கி, பிறகு சிவந்தது.

"அம்மா, அவர் உள்ள அப்படிக் கிடக்கிறார். இப்ப வந்து அவரைப் பைத்தியம்னு சொல்றியே, உனக்கே நல்லா இருக்கா? இத்தனை வருஷமா அவர் ஒரு வார்த்தை பெருமையா பேசினா போதும், உன் மூஞ்சி போற போக்கை நாங்க பாத்துட்டுத்தானே இருக்கோம்? எப்பவும் உனக்கு அவர் மேல ஒரு வயித்தெரிச்சல். நேத்து டாக்டர் உன்கிட்டதானே கேட்டாங்க? இல்லன்னு சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன்."

"மருந்து பேர் என்ன?"

"தெரியல."

"சீட்டு ஏதாவது இருக்கா?"

"எரிச்சுட்டேன்."

மகள் கையை உதறிக்கொண்டாள். "பயத்துல உனக்கு என்னவோ ஆயிடுச்சு. பேசாம உக்காரும்மா. தயவுசெய்து."

தையல்காரம்மா உட்கார்ந்தாள். வராந்தாவில் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. எதிரே நர்ஸ் மேசை, பத்து எட்டு வைத்தால் போய்விடலாம். நர்ஸ் அங்கே நின்று மருந்தை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய் "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் மகள் சொன்ன சொல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. வயிற்றெரிச்சல். இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் இருந்தது. "நான் தைச்சது" என்று சொன்னபோது உள்ளே எங்கோ ஒரு மூலையில் தித்தித்ததே, அது என்ன? அவரைக் காப்பாற்றவா சொன்னேன், இல்லை இத்தனை வருஷத்துக் கணக்கை இன்றைக்குத் தீர்த்துக்கொள்ளவா? முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்திய மருந்து, இது வேறாக இருக்கலாம். வேறாகத்தான் இருக்கும். அந்தக் காலத்து மருந்தை இன்னுமா வைத்திருப்பார்கள்?

இப்படி அவள் தன் நெஞ்சோடு வழக்காடிக்கொண்டிருந்த நேரத்தில் நர்ஸ் உள்ளே போய்விட்டு வெளியே வந்துவிட்டாள்.

"தூங்கிடுவாரும்மா," என்றாள், அன்பாக.

தூங்கினார். மறுநாள் சாயங்காலமும் குழப்பம் வந்தது, மறுபடியும் போட்டார்கள். அன்றைக்கு மகன் கூட இருந்தான். அக்கா சொல்லியிருப்பாள்போல, அவன் அம்மாவைக் கையோடு வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டான். "ரெஸ்ட் எடும்மா, நாங்க பாத்துக்கறோம்." அவள் ரெஸ்ட் எடுத்தாள். அப்படித்தான் சொல்ல வேண்டும். அன்றைக்கும் அவளுக்கு வாய் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் வந்து அவர் கையைத் தொட்டாள். மடங்கவில்லை. நெற்றியில் கை வைத்தாள், சுட்டது. தாடையைப் பார்த்தாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பெயர் மறந்துபோன ஒரு ஆளைத் தெருவில் பார்த்தால் அடையாளம் தெரிவதில்லையா, அப்படித் தெரிந்தது.

அவள் ஓடினாள். எழுபது வயதில் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடிப்போய், படிவம் எழுதிய இளம் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். கிரேன், செத்தவன், பதினோரு மாதம், ஊசி, ஒன்பது நாள் காய்ச்சல், சிவப்பு மை. டாக்டர் ஒரு வார்த்தையைக்கூடச் சந்தேகப்படவில்லை. கேட்கக் கேட்க அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. உடனே நாலு பேரை அழைத்து என்னென்னவோ சொன்னாள். அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவருகே டாக்டர் ஒரு நொடி நின்றாள்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமேம்மா," என்றாள். குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. அழுகிற குரலில் சொன்னாள்.

மகளுக்கும் மகனுக்கும் டாக்டரே விளக்கினாள். அம்மா சொல்வது முழுக்கச் சரி, சிலருக்கு அந்த வகை மருந்து இப்படிச் செய்யும், ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரலாம், தெரிந்திருந்தால் போட்டிருக்கவே மாட்டோம் என்றாள். மகன் சுவரைப் பார்த்து நின்றான். மகள் வந்து தையல்காரம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"நான்தாம்மா உன்னைப் பேச விடல. நான்தான் கொன்னுட்டேன்."

"இல்லடா. நான்தான் அடங்கிப் போயிட்டேன். இன்னொரு தடவை சொல்லியிருக்கணும்."

வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டுமென்றால், அவ்வளவு துக்கத்திலும் தையல்காரம்மாவுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. முப்பத்தெட்டு வருஷமாக அவள் ஒருத்தியாகச் சுமந்ததை இன்னொரு ஜீவன் வந்து ஒரு முனையில் பிடித்துக்கொண்டது. இனிமேல் தனியாக இல்லை என்று நினைத்தாள். மகளின் தலையைக் கோதிக்கொண்டே அந்தக் கம்பளித் துணி என்ன நிறம், எந்த மேலாளரிடம் கேட்டு வாங்கியது என்றெல்லாம் சொன்னாள். மகள் கேட்டாள்.

ஆறாம் நாள் உச்சாணி இறந்தார். முன்பு ஒன்பது நாள் தாங்கிய உடம்புக்கு அப்போது முப்பத்தாறு வயது. கடைசிவரை கண் திறக்கவில்லை.

வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கூடத்தில் இரவல் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அதே கேள்வியைக் கேட்டார்கள், நன்றாகத்தானே இருந்தார், என்ன ஆயிற்று?

முதல் இரண்டு நாள் மகள் பதில் சொல்லவில்லை. அழுதாள். அவள் ராத்திரியில் தூங்குவதில்லை, சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிடுகிறாள் என்று மருமகன் தையல்காரம்மாவிடம் வந்து சொன்னார். கண்ணுக்குக் கீழே குழி விழுந்துவிட்டது. யார் பேசினாலும் திடுக்கிட்டாள். அந்த முகத்தைத் தையல்காரம்மா ஒருமுறை பார்த்திருக்கிறாள், நாலு பேர் கிரேனிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த முகம்.

மூன்றாம் நாள் யாரோ கேட்டபோது மகள், "ஏதோ ஊசி, ஒத்துக்கல," என்றாள். ஐந்தாம் நாள், "எனக்கு அந்த ஊசி போடறப்பவே மனசு சரியில்ல, கேட்டேன், அவங்க சரியாவே பதில் சொல்லல," என்றாள். அன்றைக்கு ஒரு வாய் சாப்பிட்டாள். ஏழாம் நாள் தபால் ஆபீஸிலிருந்து அவளோடு வேலை செய்கிற அம்மாள் ஒருத்தி வந்தாள். தையல்காரம்மா அடுப்படியிலிருந்து டீ கொண்டுவந்தபோது மகள் பேசிக்கொண்டிருந்தாள். குரலில் தெம்பு வந்திருந்தது.

"நான் எவ்வளவோ சொன்னேன். அந்த ஊசி வேணாம், வயசானவர், எதுக்கும் பெரிய டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போடுங்கன்னு நர்ஸ் கையைப் புடிச்சுத் தடுத்தேன். யார் கேக்கறாங்க? அப்பாவுக்கு அதுக்கு முன்னாடி ஊசின்னாலே என்னன்னு தெரியாது. முப்பத்துநாலு வருஷத்துல ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன். அந்தக் காலத்து உடம்பு," என்றாள் வந்தவள்.

"அம்மாகிட்டகூட அன்னைக்கு வராந்தாவுல தனியா கூட்டிட்டுப் போய்க் கேட்டேன். முன்னாடி எப்பவாவது ஊசி ஏதாவது ஒத்துக்காம போயிருக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லும்மான்னு. பாவம், அம்மாவுக்கு எதுவுமே ஞாபகம் இல்ல." மகள் நிமிர்ந்து தையல்காரம்மாவைப் பார்த்தாள். "இல்லையாம்மா?"

மகளின் கண்ணில் மிரட்டல் இல்லை, பொய் சொல்கிறோம் என்ற கூச்சமும் இல்லை. நீ சொல்வாய் என்ற நிம்மதி மட்டும் இருந்தது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தையல்காரம்மாவுக்குத் தெரியும். பதினோரு மாதம், ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்த்தது.

"ஆமாம்மா," என்றாள். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல."

மகள் மூச்சு விட்டு, டீயை வாங்கிக் குடித்தாள். வந்தவள் தையல்காரம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்து, வயதானால் எல்லோருக்கும் மறதி வருவதுதான், இதற்காக மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம் என்றாள்.